கொல்லையைப் பெருக்காதீர்கள்: ஆறுமணிக்குருவிக்குக் காத்திருப்பவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் வியாசர்பாடித் தம்பி ஒருவன் போன் செய்தான். "அண்ணே, ஒரு மாசமா தினமும் அரைக் கிலோ கம்பு கொட்டுறேன், ஆறுமணிக்குருவியைக் காணோம், புறாதான் அறுபது வருது." சிரித்துவிட்டேன். அப்புறம் வெட்கமாகவும் இருந்தது, ஏனென்றால் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நானும் இதையேதான் செய்தேன், அதுவும் கம்போடு நிற்காமல் ரேஷன் அரிசி, பொட்டுக்கடலை என்று விருந்தே வைத்தேன். சத்தம் போடாதே, ஆடாமல் நில் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

தானியம் வைத்துவிட்டுக் காத்திருப்பது

குளிர்காலத்தில் சென்னைத் தோட்டங்களுக்கு வருகிற ஆறுமணிக்குருவி (ஆங்கிலத்தில் இந்தியன் பிட்டா), கொடிக்கால் வாலாட்டி, அரசவால் ஈப்பிடிப்பான் எல்லாமே பூச்சி தின்னிகள். கம்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே இறங்கி வருவது, இலங்கை வரைக்கும் போகும். அதற்கு வேண்டியது மரநிழல், ஈர மண், சருகு. கூடவே ஒரு மண் தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். அவ்வளவுதான்.

சருகைக் கூட்டித் தள்ளுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. எங்கள் கொல்லையில் ஒரு பாதாம் மரம், நாட்டு வாதுமை, ஜனவரி வந்தால் இலை சிவந்து கொட்டோ கொட்டென்று கொட்டும். ஒரு வருஷம் டிசம்பர் கடைசியில், காலை ஆறு தாண்டியிருக்கும், துவைக்கிற கல்லுக்குப் பின்னால் சரக் சரக் என்று சத்தம். பெருச்சாளி என்று நினைத்துக் குச்சியோடு போனேன். பச்சை முதுகு, கட்டை வால், கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, தோளில் பளிச்சென்று நீலம், வாலடியில் குங்குமத்தைக் கொட்டிய மாதிரிச் சிவப்பு! அலகால் ஒரு சருகைத் தூக்கிப் பக்கத்தில் எறியும், நிற்கும், தலையைச் சாய்த்து மண்ணைப் பார்க்கும், அடுத்த சருகு. ஒரு மண்புழுவை இழுத்து எடுத்தபோது நான் கையில் குச்சியோடு அப்படியே நின்றேன்.

அதற்கப்புறம் பதினைந்து நாள் தவறாமல் வந்தது. விடியும்போதும் இருட்டும்போதும் இரண்டு சுரத்தில் ஒரு விசில். "உன் ஆறுமணிக்காரன் வந்துட்டான்டா" என்று அம்மா எழுப்புவார்.

போகி வந்தது. பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இவ்ளோ குப்பையை வெச்சிக்கினு எப்படித்தான் பொங்கல் வைக்கப் போறீங்களோ" என்றார். ரோஷம் வந்துவிட்டது எனக்கு. விளக்குமாற்றை எடுத்து, மண் பளபளக்கும்வரை கூட்டி, நாலு சாக்கு சருகு கட்டி, போகியன்று விடிகாலையில் கொளுத்தியும் விட்டேன். அக்கா பாராட்டினார். மறுநாள் காலை குருவி வந்தது, வெறும் தரையில் நாலு தத்து தத்தியது, எதையும் கொத்தாமல் மதில் தாண்டிப் போனது. வரவே இல்லை.

பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 15 நிமிஷம் நின்று பார்த்ததை ஈபேர்ட் என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும். என் பட்டியலில் இருந்தவை காக்கை, புறா, மைனா. பந்தி நடக்கும்போதே இலையை எடுத்துவிட்டு, ஆள் எங்கே என்று தேடின கதைதான்.

ஆகவே நடைபாதையை மட்டும் கூட்டுங்கள். மரத்தடியில் ஆறடிக்கு ஆறடி ஒரு மூலையை அப்படியே விட்டு, சாயங்காலம் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். தேள், பூரான் என்று வீட்டில் பயப்படுவார்கள், பயப்படுவது நியாயம்தான், அதனால் அந்த மூலை வாசற்படியை விட்டுத் தள்ளி இருக்கட்டும். பூச்சிமருந்து மட்டும் வேண்டவே வேண்டாம்.

தண்ணீர்த் தட்டைச் செடி மறைவில் வைப்பது

காசிமேட்டுப் பக்கம் பூனைக்குப் பஞ்சமா? தட்டைச் சுற்றி ஆறடியாவது வெட்டவெளியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நீங்கள் விருந்து வைப்பது பூனைக்கு.

பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட 'அரிய பறவை'

பெண் குயில். அடுத்தது.

ஒரு நிறத்தை வைத்துப் பெயர் சொல்வது

நிழலில் நீலம் மின்னினால் பாதி நேரம் அது வெண்மார்பு மீன்கொத்தி. நிறத்தை விடுங்கள், என்ன செய்கிறது என்று பாருங்கள். மீன்கொத்தி மேலே உட்கார்ந்து கீழே பாயும், ஆறுமணிக்குருவி தரையில் தத்தித் தத்திச் சருகு புரட்டும். கொடிக்கால் வாலாட்டியையும் செய்கையை வைத்தே சொல்லலாம், மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது மட்டும் பக்கவாட்டில் ஆட்டும்.

செல்போனில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடுவது

செய்யாதீர்கள். போட்டிக்கு ஆள் வந்துவிட்டதென்று தீனியை விட்டுவிட்டு அலையும்.

வீட்டுக்குள் வந்து விழுந்ததைக் கூண்டில் போடுவது

வலசை வரும்போது ஆறுமணிக்குருவி சில சமயம் களைத்துப்போய் வீட்டுக்குள்ளேயே விழும். வாயில் தண்ணீரோ பாலோ ஊற்றாதீர்கள். துளை போட்ட அட்டைப் பெட்டியில் வைத்து, இருட்டான மூலையில் விட்டு, தெளிந்ததும் மரத்தடியில் திறந்துவிடுங்கள். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வளர்க்க ஆசைப்பட வேண்டாம், சட்டப்படி குற்றம்.

இவ்வளவையும் அந்தத் தம்பிக்கு முக்கால் மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணே, எங்க வீடு மூணாவது மாடி. மொட்டை மாடிதான் இருக்கு, மண்ணே இல்லையே" என்றான். கீழே வேப்பமரம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். தெருமுனையில் ஒன்று இருக்கிறதாம், அடியில் யாரும் பெருக்குவதில்லையாம். கம்பை நிறுத்திவிட்டு நாளைக் காலை ஆறு மணிக்கு அங்கே போய் நில் என்றேன்.