கொரோனாவுக்குப் பிறகு கூடிய குடும்ப வன்முறை: ஊரில் காரணத்தை விசாரிப்பது எப்படி?

ஏன் கூடியது என்று கேட்டால் "ஊரடங்கு", "குடி" என்று உடனே பதில் வரும். இரண்டும் பொய்யில்லை. ஆனால் அதோடு நிறுத்தினால், அடுத்து எதைச் செய்வது என்று தெரியாது. மகளிர் குழுவோ தன்னார்வலரோ, விசாரிக்கப் போகிறவர்களுக்கான முறை இது.

வீட்டுக்கு ஒரு பெண்ணிடம் மட்டும், தனியாகப் பேசுங்கள். மாமியார் மட்டுமல்ல, இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகூடப் பக்கத்தில் இருக்கக் கூடாது. கேட்டதை அப்படியே அப்பாவிடம் ஒப்பிக்கும். யாராவது வந்துவிட்டால் ரேஷன், மாடு என்று பேச்சை மாற்றுங்கள். தாளில் பெயர் வேண்டாம், எண் போதும். குழுக் கூட்டத்தில் சொந்தக் கதை கேட்கவே வேண்டாம்; பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும்.

தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: 2020 மார்ச்சுக்கு முன், முதல் ஊரடங்கு, 2021 இரண்டாம் அலை, இப்போது. ஒவ்வொன்றிலும் வருமானம், கடன், குடி, செல்போன் யார் கையில், வீட்டில் எத்தனை பேர் என்று நிரப்பிவிட்டு, கடைசியில்தான் சண்டைக்கு வர வேண்டும். "அடிக்கிறாரா?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டால் "அதெல்லாம் இல்லைங்க" என்று முடிந்துவிடும். "எந்தெந்த நாள்ல வார்த்தை தடிக்குது?" என்று கேட்டுப் பாருங்கள்.

பதில் தவணைக் கிழமையாக இருந்தால் தவணை குறிக்கும் குழுக்கடன் அட்டையை வாங்கிப் பாருங்கள். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதித்தது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. குழுக்கடன் பெண் பெயரில் இருக்கும். வாங்கிய பணம் யார் கைக்குப் போனது, இப்போது கட்டுவது யார் என்பதைத் தனித்தனியாக எழுதுங்கள்.

குடியைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. 2020 மார்ச் 24 மாலை டாஸ்மாக் மூடியது. மே 7 அன்று சென்னை தவிர்த்துத் திறந்து, மறுநாளே உயர் நீதிமன்ற உத்தரவால் மூடி, உச்ச நீதிமன்றத் தடைக்குப் பின் மே 16 அன்று மறுபடி திறந்தது. கடை மூடியிருந்த அந்த வாரங்களில் வீடு எப்படி இருந்தது? கள்ளச்சாராயம் கிடைத்ததா என்பதையும் கேளுங்கள். குடிக்காத நாளிலும் அடி விழுந்திருந்தால் பழியைப் பாட்டில் மேல் மட்டும் போட முடியாது. எவ்வளவு போதையிலும் மேஸ்திரி மேல் கை வைக்காதவர் வீட்டில் மட்டும் கை ஓங்குகிறார் என்றால், "என் பொண்டாட்டி, நான் அடிப்பேன்" என்ற எண்ணம்தான் காரணம். தொற்று அதற்குச் சந்தர்ப்பம் கொடுத்தது, அவ்வளவுதான்.

கணவரைக் கொரோனாவில் இழந்தவர்களை விட்டுவிடாதீர்கள். அரசு தந்த 50,000 ரூபாய் நிவாரணம் யாரிடம் போனது, வீட்டை விட்டுப் போகச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பொருளாதாரக் கொடுமையும் குடும்ப வன்முறைதான்; புகுந்த வீட்டார் மீதும் புகார் கொடுக்கலாம்.

காவல் நிலைய மனுக்களை மட்டும் எண்ணிவிட்டு முடிவுக்கு வராதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான்.

கழுத்தை நெரித்தார், அரிவாளைக் காட்டினார் என்று சொன்னால் தாளை மடித்து வையுங்கள். அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு பெண்கள் உதவி எண் 181ஐ அழையுங்கள், அதே சட்டப்படி இருக்கும் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் சேர்த்துவிடுங்கள். காயம் இருந்தால் முதலில் அரசு மருத்துவமனை. கணவரைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து பேசாதீர்கள். அன்றிரவு அடி வாங்கப்போவது அந்தப் பெண்தான்.