பத்துக் கிலோமீட்டர் ஓடி முடித்தவர் அடுத்த எட்டு வாரங்களில் செய்ய வேண்டியவை

நிற்காமல் 10 கிலோமீட்டர் ஓடி முடித்த அன்று மாலையிலேயே பலர் அடுத்த இலக்கைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கும்படி நண்பர்கள் சொல்கிறார்கள், 21.1 கிலோமீட்டர் என்பது இப்போது ஓடியதைப் போல இரண்டு மடங்குதானே என்று மனமும் கணக்குப் போடுகிறது. சேலத்தில் புதிதாக ஓட வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதற்கு நேர்மாறானது. தூரத்தைக் கூட்டாமல் அதே பத்துக் கிலோமீட்டரில் இன்னும் எட்டு வாரங்கள் தங்குங்கள். ஒரு தூரத்தை ஒருமுறை எட்டிப் பிடிப்பது வேறு. எந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டாலும் ஓடக்கூடிய தூரமாக அது மாறுவது வேறு. இந்த இரண்டாவது நிலைக்கு எப்படி வருவது என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதலில் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை அனுப்பப் பழகிவிடுகிறது. தசைகளும் ஆக்சிஜனை நன்றாகப் பயன்படுத்தத் தொடங்குகின்றன. மூச்சு வாங்குவது குறைவதால் உடல் முழுவதும் தேறிவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது. ஆனால் தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அவை உறுதிப்பட மாதங்கள் ஆகும். எலும்பின் கதை இன்னும் நுட்பமானது. புதிய சுமை விழும்போது உடல் முதலில் பழைய எலும்புத் துணுக்குகளைக் கரைத்து அகற்றுகிறது, பிறகுதான் அந்த இடத்தில் புதிய எலும்பைக் கட்டுகிறது. இந்தச் சுழற்சி முடிய மூன்று நான்கு மாதங்களோ அதற்கு மேலோ ஆகலாம் என்பதால், இடைப்பட்ட வாரங்களில் அந்த இடம் முன்பைவிடச் சற்று வலுக்குறைந்தே இருக்கிறது. முதல் நாளே கெட்டியாகத் தெரியும் காங்கிரீட் தளத்துக்கு நாட்கணக்கில் தண்ணீர் கட்டி வைக்கிறோம் அல்லவா, அந்தப் பொறுமைதான் இங்கேயும் தேவைப்படுகிறது. மூச்சு அனுமதிக்கிறது என்பதற்காகத் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறவர்களுக்குத்தான் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலியும் குதிகால் வலியும் பெரும்பாலும் வருகின்றன.

படி 1: முதல் வாரம் ஓய்வு

நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு இரண்டு மூன்று நாட்கள் நடை மட்டும் போதும். வாரக் கடைசியில் 3 கிலோமீட்டர் மிக மெதுவாக ஓடிப் பாருங்கள். தொடையில் இறுக்கம் இல்லையென்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: பத்துக் கிலோமீட்டரைப் பழக்கமாக்குங்கள்

வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டம் போதுமானது. செவ்வாய்க்கிழமை 5 கிலோமீட்டர், வியாழக்கிழமை 5 கிலோமீட்டர், சனிக்கிழமை 3 கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நீண்ட ஓட்டமும் எல்லா வாரமும் 10 ஆக இருக்கத் தேவையில்லை. ஒரு வாரம் 10, மறு வாரம் 7 அல்லது 8 என்று மாற்றி மாற்றி ஓடுங்கள். குறைந்த தூரம் ஓடும் வாரங்களில்தான் முந்தைய வாரத்தின் உழைப்பை உடல் வலிமையாக மாற்றிக்கொள்கிறது.

வேகத்தைக் கைக்கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியங்களாகப் பேச முடிகிறதா என்பதே சரியான அளவுகோல். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு தேவைப்பட்டால் நீங்கள் அன்றைக்கு வேகமாக ஓடுகிறீர்கள். தொடக்க நிலையில் இருப்பவர்களின் ஓட்டங்களில் பெரும்பகுதி இப்படிப் பேசக்கூடிய வேகத்திலேயே அமைய வேண்டும். சேர்ந்து ஓடும் குழுவில் பின்தங்குவது பலருக்குக் கூச்சமாக இருக்கிறது; அந்தக் கூச்சத்தை ஒதுக்கிவிட்டு மெதுவாக ஓடுகிறவர்கள்தாம் பல மாதங்கள் கழித்தும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நம்பிக்கையை வளர்க்க நான் பரிந்துரைக்கும் முறை, ஓட்டத்தின் இரண்டாம் பாதியை முதல் பாதியைவிடச் சற்று விரைவாக முடிப்பது. கோரிமேட்டிலிருந்து அடிவாரம் நோக்கிச் செல்லும் ஏற்காடு சாலை இதற்கு மிகவும் ஏற்றது. மலையை நோக்கிப் போகும்போது சாலை மெல்ல ஏறுவதால் முதல் பாதியில் வேகம் தானாகவே அடங்குகிறது. திரும்பி வரும்போது கால்கள் இயல்பாகவே விரைகின்றன. கடைசி 2 கிலோமீட்டரை மூச்சுத் திணறாமல், நிமிர்ந்த உடலோடு ஓடி முடிக்கும் ஒரு காலை கொடுக்கும் துணிவு, தள்ளாடிக்கொண்டே தொட்ட எந்தப் பெரிய தூரத்தாலும் கிடைப்பதில்லை. இதே தூரத்தை வேறு வேறு இடங்களிலும் ஓடிப் பாருங்கள். ஒரு வாரம் கன்னங்குறிச்சி மூக்கனேரிப் பக்கம், மற்றொரு வாரம் 400 மீட்டர் ஓடுபாதையில் 25 சுற்று என்று மாற்றிக்கொள்ளலாம். ஓடுபாதைச் சுற்றுகள் சலிப்பூட்டும் என்பது உண்மைதான். ஆனால் எந்தச் சுற்றிலும் வெளியேறிவிடலாம் என்ற வாய்ப்பு இருந்தும் கடைசிச் சுற்றுவரை ஓடுவது மன உறுதிக்கு நல்ல பயிற்சி.

படி 3: கால்களுக்கு வாரம் இரண்டு முறை வலுப்பயிற்சி

புதியவர்கள் பெரும்பாலும் தவிர்த்துவிடுவது இந்தப் படியைத்தான். ஓட்டத்தில் ஒவ்வொரு முறை பாதம் ஊன்றும்போதும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை தரையிலிருந்து காலுக்குத் திரும்புகிறது. குதிகால் தசைநாண் தாங்கும் இழுவிசை அதைவிடப் பல மடங்கு அதிகம். வெறும் ஓட்டத்தால் மட்டும் இதைத் தாங்கும் வலிமை விரைவில் வந்துவிடாது. உடற்பயிற்சிக் கூடம் எதுவும் தேவையில்லை. வீட்டு மாடிப்படியும் ஒரு பாயும் போதும்.

மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை மெதுவாக மேலே உயர்த்துங்கள். மேலே ஒரு நொடி நின்று, மூன்று நொடி எடுத்துக்கொண்டு, குதிகால் படியின் மட்டத்துக்குக் கீழே செல்லும்வரை இறக்குங்கள். இப்படி 15 முறை செய்வது ஒரு சுற்று; மூன்று சுற்றுகள் செய்யுங்கள். அதன் பிறகு முழங்காலைச் சற்றே மடக்கி வைத்துக்கொண்டு இதையே மறுபடியும் செய்ய வேண்டும். முழங்கால் நேராக இருக்கும்போது கெண்டைக்காலின் மேல்தசையும், மடங்கியிருக்கும்போது அதன் அடியிலுள்ள தசையும் கூடுதலாக உழைக்கின்றன. நீண்ட தூர ஓட்டத்தில் அதிகச் சுமையைத் தாங்குவது அந்த அடித்தசைதான். இரண்டு வாரங்களில் இது எளிதாகிவிட்டால் ஒற்றைக்காலில் செய்யுங்கள்.

அடுத்து, பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களை ஊன்றி, இடுப்பை மேலே தூக்கி ஐந்து நொடி நிறுத்துங்கள். பிட்டத் தசைகள் இறுகுவதை உணர வேண்டும். முதுகில் மட்டும் இறுக்கம் தெரிந்தால் பாதங்களை உடலுக்கு அருகே கொண்டுவாருங்கள். இது 12 முறை, மூன்று சுற்று. கடைசியாக, ஒரு படியின் மேல் பக்கவாட்டில் நின்று ஒரு காலை மெதுவாகக் கீழே இறக்கி, தரையைத் தொட்டதும் மீண்டும் ஏறுங்கள். நிற்கும் காலின் முழங்கால் உட்பக்கம் சாயாமல் பாதத்தின் நேர்மேலே இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். அது உட்பக்கம் சாய்ந்தால் இடுப்பின் பக்கத் தசைகள் இன்னும் வலுப்பெறவில்லை என்று பொருள். அந்தக் காலுக்கு ஒரு சுற்று கூடுதலாகச் செய்யுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து 25 நிமிடங்களுக்கு மேல் ஆகாது. நீண்ட ஓட்டத்துக்கு முந்தைய நாளில் மட்டும் செய்யாதீர்கள்.

படி 4: ஏற்றத்தில் ஓடுங்கள்

ஜருகுமலை, நகரமலை, கஞ்சமலை, சேர்வராயன் மலை என்று நான்கு பக்கமும் மலை சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு சமதளத்தில் மட்டும் ஓடுவது பெரிய நட்டம் என்றே நான் கருதுகிறேன். ஏற்றத்தில் ஓடும்போது வேகம் குறைவதால் பாதம் ஊன்றும் அதிர்ச்சியும் குறைகிறது. அதே நேரத்தில் தொடையும் பிட்டமும் கெண்டைக்காலும் கடுமையாக உழைக்கின்றன. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிட்யார்டு தம் வீரர்களை மேடுபள்ளமான 22 மைல் மலைச்சுற்றில் ஓட வைத்தவர். வெறும் 800 மீட்டர் ஓட வேண்டிய பீட்டர் ஸ்னெல்லும் அந்தச் சுற்றில் ஓடினார். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கத்தையும், 1964இல் டோக்கியோவில் 800, 1500 மீட்டர் இரண்டிலும் தங்கத்தையும் வென்றார்.

நீங்கள் சிறியதாகத் தொடங்குங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து, வியாழக்கிழமை ஓட்டத்தின் நடுவில், மிதமான ஏற்றமுள்ள ஒரு சாலைப் பகுதியில் 30 நொடி மேலே ஓடி, நடந்தே கீழே இறங்குங்கள். முதல் வாரம் நான்கு முறை, பிறகு வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டி எட்டு முறைவரை போகலாம். அடிகளைச் சிறியதாக வையுங்கள். இடுப்பிலிருந்து வளையாமல் கணுக்காலிலிருந்து உடலைச் சற்று முன்சாய்த்து, பத்து மீட்டர் முன்னால் பார்த்து ஓடுங்கள்.

ஆறாவது வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குப் பேருந்தில் சென்று ஏரிப் பக்கம் 6 அல்லது 7 கிலோமீட்டர் ஓடிப் பாருங்கள். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும், சேலம் 300 மீட்டருக்கும் குறைவான உயரத்திலும் இருக்கின்றன. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற பொதுக் கணக்கின்படி பார்த்தால், மேலே எட்டு டிகிரி அளவுக்குக் குளிர்ச்சி கிடைக்கும். ஆனால் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு என்பதால், கீழே எளிதாக இருந்த வேகம் மேலே மூச்சு வாங்க வைக்கும். இதைக் கண்டு மனம் தளர வேண்டாம்; பேசக்கூடிய வேகத்துக்கு இறங்கி ஓடினால் போதும்.

அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஓடியே ஏற வேண்டும் என்ற ஆசை சேலத்து ஓட்டக்காரர் எவருக்கும் வரும். எட்டு வாரத் திட்டத்துக்குள் முழு மலையையும் ஏறாதீர்கள். அடிவாரத்தில் தொடங்கி, நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி 4 கிலோமீட்டர் ஏறினால் போதும். இறங்கும்போது ஓடாமல் நடந்தே வாருங்கள். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்க வேண்டியிருப்பதால் அதன் இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. வலி அன்றைக்குத் தெரியாமல் அடுத்த ஒன்று முதல் மூன்று நாட்களில் உச்சத்துக்கு வரும். ஒருமுறை இப்படி வலித்த பிறகு அதே அளவு இறக்கம் அடுத்த முறை குறைவாகவே வலிக்கும் என்பதால், இறக்கத்தில் ஓடுவதையும் 200 மீட்டர், 300 மீட்டர் என்று சிறுகச் சிறுகப் பழகிக்கொள்ளலாம்.

மலைச்சாலையில் தனியாக ஓடாதீர்கள். நன்றாக விடிந்த பிறகு, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலப்பக்க ஓரத்தில் செல்லுங்கள். பார்வை மறையும் வளைவுகளில் மட்டும் ஓட்டத்தை நிறுத்தி, வண்டி வருகிறதா என்று பார்த்துக் கடந்து செல்லுங்கள். காதில் பாட்டு வேண்டவே வேண்டாம். குரங்குகளுக்கு முன்னால் கையில் தின்பண்டத்தோடு ஓடாதீர்கள். காட்டெருமை தென்பட்டால் படம் எடுக்க நெருங்காமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

படி 5: வெயிலும் உணவும்

மார்ச் முதல் மே வரை சேலத்தின் வெயில் கடுமையானது. ஐந்தரை மணிக்கு முன்பே தொடங்கி ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் நாளில் தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள்; வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும் என்பதால், வியர்வை அதிகமான நாளில் உப்புப் போட்ட நீர்மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ நல்லது. ஓட்டத்துக்கு முன் ஒரு வாழைப்பழம் போதும். முடித்த பிறகு கேழ்வரகுக் கூழோ இட்லியோ மட்டும் சாப்பிட்டு நிறுத்தாமல் முட்டை, சுண்டல், பச்சைப்பயறு போன்ற புரத உணவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தசையைச் சீரமைக்க அதுதான் தேவை. தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு அதிகாலையில் ஓடுவதைவிட அன்றைய ஓட்டத்தை விட்டுவிடுவது மேல்.

படி 6: தூரத்தைக் கூட்டும் நேரம் வந்துவிட்டதா?

ஒரு சிறிய நோட்டில் ஒவ்வொரு ஓட்டத்தின் தூரத்தையும், கடைசிக் கிலோமீட்டரில் பேச முடிந்ததா என்பதையும், மறுநாள் காலை மாடிப்படி இறங்கும்போது கால் எப்படி இருந்தது என்பதையும் எழுதுங்கள். ஏழாவது எட்டாவது வாரங்களில் அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். பத்துக் கிலோமீட்டருக்கு மறுநாள் படி இறங்குவதில் வலி இல்லை, கடைசிக் கிலோமீட்டரிலும் பேச முடிகிறது, ஒற்றைக்காலில் குதிகாலை 20 முறை உயர்த்த முடிகிறது என்ற மூன்றும் அமைந்திருந்தால் உங்கள் உடல் தயார். பிறகு 11, 12, அடுத்து 9, மறுபடி 13 என்று இரண்டு வாரம் ஏற்றி ஒரு வாரம் இறக்கிச் செல்லுங்கள். மூன்றில் ஒன்று அமையாவிட்டால் இன்னும் இரண்டு வாரம் பத்திலேயே இருங்கள்.

வலியைப் பற்றி மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். தசை முழுவதும் பரவலாக வலித்து, ஓடத் தொடங்கியதும் குறைந்தால் அது பெரும்பாலும் பயிற்சியின் களைப்பு. எலும்பின் மேல் ஒரே புள்ளியில் விரல் வைத்தால் வலித்தால், ஓட ஓட அது கூடினால், ஒற்றைக்காலில் குதிக்கும்போது சுரீர் என்றால், அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். எலும்பில் அழுத்த விரிசல் தொடக்க நிலையில் இருந்தால் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். எக்ஸ்ரே சரியாக இருந்தும் வலி தொடர்ந்தால், எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள்.