டெக்சஸில் வீட்டு மதிப்பை எதிர்த்துப் புரொட்டஸ்ட் செய்வது

டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. பள்ளிக்கூடம், கவுன்டி, நகராட்சி எல்லாமே பெரும்பாலும் வீட்டு வரியை நம்பி ஓடுகின்றன. ஃபிரிஸ்கோ, ஆஸ்டின், ஹூஸ்டன் பக்கம் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களுக்கு ஏப்ரல் வாக்கில் ஒரு நோட்டீஸ் வரும். அது வரி பில் இல்லை. ஜனவரி 1 அன்று உங்கள் வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்று அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் (கவுன்டியில் சொத்துகளுக்கு மதிப்புப் போடும் அலுவலகம்) போட்ட கணக்கு. புரொட்டஸ்ட், அதாவது முறைப்படி எதிர்ப்புத் தெரிவிப்பது, அந்தக் கணக்கோடுதான், வரி விகிதத்தோடு இல்லை. கெடு மே 15. நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள் அதைத் தாண்டிப் போனால் அந்த நாள்.

விண்ணப்பிப்பதற்கு முன் நோட்டீஸில் இரண்டு எண்களைப் பாருங்கள்: மார்க்கெட் வேல்யூ, அப்ரைஸ்டு வேல்யூ. ஹோம்ஸ்டெட் சலுகை (சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான வரிச் சலுகை) உள்ள வீட்டில் அப்ரைஸ்டு வேல்யூ வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. புதிதாகக் கட்டிச் சேர்த்தது மட்டும் தனிக் கணக்கு. சலுகைத் தொகையைக் கழித்தபின் வரி இந்த இரண்டாவது எண்ணின் மேல்தான். போன வருஷம் 400,000 டாலர் என்றால் இந்த வருஷம் உச்சவரம்பு 440,000. மார்க்கெட் வேல்யூ 520,000 என்று போட்டிருக்கிறார்கள், நீங்கள் போராடி 470,000 ஆக்கினீர்கள் என்று வையுங்கள். பில்லில் ஒரு டாலர் குறையாது. 440,000க்குக் கீழே இறக்க முடிந்தால்தான் பலன். மாறாக, வீடு வாங்கிய மறு வருஷம் இந்த வரம்பு உங்களுக்கு இன்னும் வந்திருக்காது. ஹோம்ஸ்டெட் கிடைத்த முதல் வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்துதான் அது தொடங்கும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்கும் அந்த வருஷம்தான் புரொட்டஸ்ட்டுக்கு மிக உகந்தது. நூறு டாலருக்கு 2.10 வரி என்றால், 30,000 குறைத்தாலே 630 டாலர் மிச்சம்.

விண்ணப்பம் எளிது. டிஸ்ட்ரிக்ட் இணையதளத்திலேயே போடலாம், அல்லது 50-132 படிவத்தை அனுப்பலாம். காரணம் கேட்கும் இடத்தில் இரண்டையும் குறியுங்கள்: மார்க்கெட் மதிப்பு தவறு என்பது ஒன்று, மற்ற வீடுகளோடு ஒப்பிட்டால் சமமாக இல்லை என்பது இன்னொன்று. குறிக்காத காரணத்தை ஹியரிங்கில், அதாவது விசாரணையில், பேச முடியாமல் போகலாம். அதே கையோடு, டிஸ்ட்ரிக்ட் உங்கள் வழக்கில் காட்டப்போகும் ஆதாரங்களை எழுத்தில் கேளுங்கள். கேட்டால் ஹியரிங்குக்கு 14 நாள் முன்னதாக அவர்கள் தர வேண்டும். தராததை அங்கே பயன்படுத்த முடியாது. பலர் இதைக் கேட்பதே இல்லை. எதிராளியின் சீட்டைப் பார்த்துவிட்டு ஆடலாம் என்று சட்டமே சொல்லும்போது விடுவானேன்?

இனி ஆதாரம். முதலில் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் உங்கள் வீட்டின் பதிவைத் திறந்து சதுர அடியைச் சரிபாருங்கள். அளவு பெரும்பாலும் வெளிச்சுவரை வைத்து எடுப்பது. கூடத்தின் கூரை இரண்டு மாடி உயரத்துக்கு எழும்பியிருந்தால், மேல்மாடியில் அந்த இடம் வெறும் காற்றுதான். கைப்பிடியருகே நின்றால் கீழே சோபா தெரியும். அந்த 250, 300 சதுர அடியும் சில பதிவுகளில் குடியிருக்கும் பரப்பாக ஏறியிருக்கும். பில்டர் கொடுத்த மாடி வரைபடத்தை நீட்டினால் இதற்கு வாதமே தேவைப்படாது. இல்லாத நீச்சல் குளம், கூடுதல் குளியலறை, கட்டிய வருஷம் ஆகியவற்றையும் ஒரு முறை பாருங்கள்.

அடுத்தது விற்பனை விலைகள். டெக்சஸில் வீடு என்ன விலைக்குக் கைமாறியது என்று யாரும் அரசுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் இணையத்தில் தெரிவது கேட்ட விலையாகவோ மதிப்பீடாகவோதான் இருக்கும்; அது ஹியரிங்கில் எடுபடாது. தெரிந்த ரியல்டரிடம் (வீட்டு விற்பனை முகவர்) உங்கள் சப்டிவிஷனில் (குடியிருப்புப் பகுதி) ஜனவரி 1ஐ ஒட்டி விற்ற வீடுகளின் பட்டியல் வாங்குங்கள். பரப்பு 10, 15 சதவீதத்துக்குள்ளும் வயது ஐந்து வருஷத்துக்குள்ளும் இருக்கட்டும். நீங்களே போன வருஷம் மதிப்பை விடக் குறைவாக வாங்கியிருந்தால், வாங்கிய விலை எழுதியிருக்கும் குளோசிங் ஸ்டேட்மென்ட்டை விட வலுவான காகிதம் இல்லை. அதிகமாக வாங்கியிருந்தால் அதைக் காட்டும் கட்டாயமும் இல்லை. கேட்டால் பொய் மட்டும் சொல்லாதீர்கள்.

சமமின்மை வாதத்துக்குப் பக்கத்து வீடுகளின் எண்கள் டிஸ்ட்ரிக்ட் தளத்திலேயே கிடைக்கும். இங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பதினைந்து வருஷமாக இருப்பவர். 10 சதவீத வரம்பால் அவருடைய அப்ரைஸ்டு வேல்யூ கீழேயே கிடக்கும். அதை வைத்து வாதாடினால் நிமிஷத்தில் தள்ளிவிடுவார்கள். மார்க்கெட் வேல்யூவோடு மார்க்கெட் வேல்யூவைத்தான் ஒப்பிட வேண்டும். ஏழெட்டு வீடுகளை எடுத்து, பரப்பு, வயது, குளம் போன்ற வேறுபாடுகளுக்கு ஈடு செய்து, இடைநிலை எண்ணைக் காட்டுங்கள். பெரிய வீட்டின் சதுர அடி விலை இயல்பாகவே குறைவு என்பதால் 4,000 சதுர அடி வீட்டின் விலையை 2,400க்குப் பொருத்தினால் டிஸ்ட்ரிக்டின் மதிப்பீட்டாளரான அப்ரைசர் உடனே பிடித்துவிடுவார்.

டாலஸ் பக்கத்துக் களிமண் கோடையில் சுருங்கி மழையில் உப்பும். கதவு நிலையின் மூலையிலிருந்து கூரை நோக்கிச் சாய்வாக ஓடும் விரிசல் அதன் கையெழுத்து. படத்தோடு, அஸ்திவாரம் பழுது பார்ப்பவரின் எழுத்து மதிப்பீடும் வேண்டும். படம் மட்டும் இருந்தால் ‘வருத்தம்தான்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் புரட்டுவார்கள். ஆலங்கட்டி மழையில் அடிபட்ட கூரை, பின்வேலியை ஒட்டிய பெரிய சாலை, உயர் அழுத்த மின்கம்பி ஆகியவற்றுக்கும் இதே முறைதான்.

முதல் கட்டம் அப்ரைசரோடு முறைசாராப் பேச்சு, அல்லது குறைத்த மதிப்போடு ஆன்லைனில் வரும் ஆஃபர். பல புரொட்டஸ்டுகள் இங்கேயே முடிகின்றன. ஆஃபரை ஏற்றுக் கையெழுத்திட்டால் அந்த வருஷக் கதை முடிந்தது, திரும்பப் போக முடியாது. திருப்தியில்லை என்றால் ஹியரிங் நடத்தும் ரிவ்யூ போர்டு. பெரும்பாலும் மூன்று பேர் கொண்ட குழு, ஏறக்குறைய 15 நிமிஷம். கேட்கும் மதிப்பை முதல் வாக்கியத்திலேயே எண்ணாகச் சொல்லுங்கள். ‘வரி கட்டி மாளவில்லை’, ‘ஒரே வருஷத்தில் இவ்வளவு ஏற்றமா’ என்பதெல்லாம் நியாயமான புலம்பல்தான், ஆனால் அந்த மேஜையில் செல்லாது. ஆதாரத்தைச் சில நகல்களாக எடுத்துப் போங்கள். போனைக் காட்டிப் புரிய வைக்க முடியாது. தொலைபேசியில் ஆஜராவதென்றால் 10 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவித்து, ஆதாரத்தை அஃபிடவிட்டோடு (உறுதிமொழிப் பத்திரம்) அனுப்ப வேண்டும். ஏஜென்ட் வைக்காதவர்கள் ஒரு முறை காரணம் சொல்லாமலே தேதியைத் தள்ளிப்போடலாம். எதிர்த்துப் போனால் ஏற்றிவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, டிஸ்ட்ரிக்ட் போட்ட மதிப்புக்கு மேல் போர்டு போக முடியாது.

போர்டின் உத்தரவும் ஒப்பவில்லை என்றால் அது கிடைத்த 60 நாளுக்குள் நீதிமன்றமோ, நடுவர் தீர்ப்பான ஆர்பிட்ரேஷனோ போகலாம். 500,000 டாலர் வரையிலான ஹோம்ஸ்டெட்டுக்கு ஆர்பிட்ரேஷன் முன்பணம் 450. தீர்ப்பு போர்டின் எண்ணை விட உங்கள் எண்ணுக்கு நெருக்கமாக வந்தால் 50 டாலர் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தருவார்கள். வழக்கு நடக்கிறதே என்று வரியை நிறுத்தி வைக்காதீர்கள். சர்ச்சையில்லாத தொகையையாவது ஜனவரி 31க்குள் கட்டாவிட்டால் முறையீட்டு உரிமையே போய்விடும்.

மே கெடுவைத் தவறவிட்டவர்களுக்கு ஒரு குறுகிய வழி உண்டு. ஹோம்ஸ்டெட்டின் மதிப்பு சரியான மதிப்பை விட நாலில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தால், பிப்ரவரி 1க்கு முன் திருத்தம் கேட்கலாம். ஜெயித்தாலும் 10 சதவீத அபராதம் உண்டு.