வான்கூவர் தீவில் தனியாக ஒரு கார் பயணம்: குகை பார்க்க முதல்முறை போகிறவர்களுக்கு

வான்கூவர் நகரம் வேறு, வான்கூவர் தீவு வேறு. நகரம் கனடாவின் நிலப்பகுதியில் இருக்கிறது. தீவு கடலுக்கு அந்தப் பக்கம், 450 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. அங்கே சுண்ணாம்புப் பாறை நிறைய. கரியமில வாயு கலந்து லேசாகப் புளித்த மழைநீர் அந்தப் பாறையைக் கரைத்துக் கரைத்தே ஆயிரத்துக்கும் மேற்பட்ட குகைகளை உண்டாக்கியிருக்கிறது.

தனியாகப் போகலாமா? சாலையில் தாராளமாக. குகையின் இருட்டுக்குள் கூடாது. கணுக்கால் பிசகினால்கூட உள்ளிருந்து உதவி கேட்க வழியில்லை, போன் வேலை செய்யாது. கீழே உள்ள திட்டம் இதை மனதில் வைத்துப் போட்டதுதான்.

படி 1: மாதம், படகு

ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்லது. மற்ற மாதங்களில் மேற்குக் கரையில் மழை கொட்டும். சுண்ணாம்புப் பாறை மழைநீரை வெடிப்புகள் வழியாகச் சட்டென்று உள்ளே இறக்கிவிடும். வெளியே மழை விட்ட பிறகும் குகைக்குள் தண்ணீர் ஏறலாம். வான்கூவர் நகருக்குப் பக்கத்தில் உள்ள ஹார்ஸ்ஷூ பே படகுத்துறையிலிருந்து தீவில் உள்ள நனைமோ ஊருக்குக் காரோடு ஃபெர்ரியில் ஏறினால் சுமார் 1 மணி 40 நிமிடம். கோடை வார இறுதி என்றால் முன்பதிவு செய்துவிடுங்கள்.

படி 2: பையில் என்ன

தாடைப் பட்டை உள்ள ஹெல்மெட். அதில் மாட்டும் விளக்கு ஒன்று, அதுபோக இன்னும் இரண்டு. போன் டார்ச்சைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கோடையிலும் உள்ளே 8 டிகிரி அளவில்தான் இருக்கும், ஈரமும் சொட்டும். ஜீன்ஸும் பருத்தியும் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது செயற்கை இழைத் துணி போதும். கையுறையும் பிடிப்புள்ள பூட்ஸும் வேண்டும்.

வேறு பகுதிக் குகைகளுக்குப் போட்டுக்கொண்டு போன உடை, ஷூ எதையும் இங்கே கொண்டுவர வேண்டாம். 2006-இல் நியூயார்க் மாநிலத்தில் தென்பட்ட வெண்மூக்கு நோய் வட அமெரிக்காவில் லட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்றிருக்கிறது. அதை உண்டாக்கும் பூஞ்சை நம் செருப்பு மண்ணில் ஒட்டிக்கொண்டே ஊர் விட்டு ஊர் போகும்.

படி 3: முதல் குகை, வழிகாட்டியோடு

நனைமோவிலிருந்து 19-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போய், குவாலிகம் பீச் தாண்டி ஹார்ன் லேக் சாலையில் திரும்புங்கள். மிச்ச தூரம் சரளைக்கல் பாதை. ஹார்ன் லேக் குகைப் பூங்காவில் ரிவர்பெண்ட் குகைக்குக் கதவு போட்டிருக்கிறார்கள். வழிகாட்டி இல்லாமல் போக முடியாது. தனியாக வந்தவருக்கு இதைவிட வசதி ஏது? காசு கட்டினால் கூட்டாளிகளும் கிடைத்துவிடுகிறார்கள். கால் வைக்கும் முன் கையால் பிடி தேடுவது, கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளைத் தொடாமல் நகர்வது எல்லாம் இங்கே பழகிக்கொள்ளுங்கள். கையின் எண்ணெய்ப்பசை பட்டால் விழுது வளர்வது நின்றுபோகும்.

படி 4: கோல்ட் ரிவர் பக்கம்

இன்னும் வடக்கே போனால் கேம்பெல் ரிவர் என்ற ஊர். அங்கே டேங்கை நிரப்பி, வரைபடத்தை போனில் இறக்கிக்கொண்டு 28-ஆம் நெடுஞ்சாலையில் ஏறுங்கள். கோல்ட் ரிவர் என்ற ஊருக்கு 90 கிலோமீட்டர் போல வரும். நடுவில் 1911-இல் அமைந்த ஸ்ட்ராத்கோனா பூங்கா. இங்கே அவசரப்படுகிறவரை நான் மன்னிக்கமாட்டேன். கோல்ட் ரிவர் தாண்டி டாசிஸ் கிராமத்துக்குப் போகும் காட்டுச் சாலையில் சுமார் 17 கிலோமீட்டரில் உபானா குகைகள். மரம் ஏற்றிய லாரிகள் வரும் பாதை அது. பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட்டு, லாரியைக் கண்டால் ஓரங்கட்டி நின்றுவிடுங்கள். உதிரி டயரில் காற்று இருக்கிறதா என்று கிளம்பும்போதே பார்க்கவேண்டும்.

உபானாவில் 15 வாயில்கள், எல்லாம் சேர்த்து 450 மீட்டர் அளவுக்குச் சுரங்க வழிகள். ஒரு மணி நேர நடைபாதை அவற்றை இணைக்கிறது. ரிசர்ஜன்ஸ் குகை வெண்பளிங்குப் பாறையில் ஆனது, உள்ளே ஆறு ஓடுகிறது. தனியாக இருந்தால் வாயில் வெளிச்சம் எட்டும் இடத்தோடு நின்றுகொள்ளுங்கள். மெயின் குகையில் கிளைகள் பிரிவதால் இது இன்னும் முக்கியம். வேறு யாராவது தகுந்த விளக்கும் ஹெல்மெட்டுமாக வந்தால், "நானும் கூட வரலாமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

படி 5: வீட்டுக்கு ஒரு செய்தி

இதை ஒவ்வொரு நாளும் கிளம்பும் முன் செய்யவேண்டும். எந்தக் குகை, கார் எங்கே நிற்கும், எத்தனை மணிக்குள் செய்தி வரும், வராவிட்டால் எத்தனை மணிக்கு 911 என்ற அவசர உதவி எண்ணைக் கூப்பிடவேண்டும் என்று நாலும் எழுதி நம்பகமான ஒருவருக்கு அனுப்புங்கள். திரும்பும் வழியில் சிக்னலோ வைஃபையோ கிடைக்கும் முதல் இடத்தில் "வந்துவிட்டேன்" என்று தட்டிவிட்டு அப்புறம் சாப்பிடப் போங்கள். மறந்தால், நீங்கள் பர்கர் தின்னும் நேரத்தில் அங்கே தேடுதல் குழு கிளம்பியிருக்கும்.