எபிரேய வேதத்தில் கடவுளின் காற்றையும் மூச்சையும் வாசிப்பது எப்படி

பழைய ஏற்பாட்டில் ஓரிடத்தில் "தேவ ஆவி" என்று வரும், இன்னோரிடத்தில் "கர்த்தரிடத்திலிருந்து புறப்பட்ட காற்று" என்று வரும், வேறோரிடத்தில் "நாசியின் சுவாசம்" என்று வரும். எபிரேயத்தில் பெரும்பாலும் எல்லாம் ஒரே சொல்தான்: ரூவாக். சுமார் 380 தடவை வருகிறது. வாசிக்கிற எல்லாருக்கும் உடனே எழும் கேள்வி, இங்கே இது காற்றா, மூச்சா, ஆவியா என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரம் தள்ளி வையுங்கள். அது எந்தப் பக்கமிருந்து வந்தது, யார் மேல் பட்டது, பட்டதும் என்ன நடந்தது, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். பாதிச் சிக்கல் அதிலேயே அவிழ்ந்துவிடும்.

எபிரேயம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஸ்ட்ராங் எண்கள் (ஒவ்வொரு மூலச் சொல்லுக்கும் கொடுத்திருக்கும் எண்) காட்டும் வேதாகமச் செயலி ஏதாவது ஒன்று போதும். 7307 என்று தேடினால் ரூவாக் வரும் வசனங்கள் வரிசையாக வந்து நிற்கும். கூடவே 5397-ஐயும் பாருங்கள், அது நெஷாமா, அதற்கும் மூச்சு என்றுதான் பொருள். ஆதியாகமம் 2:7-ல் மண்ணால் செய்த மனிதனின் நாசியில் கடவுள் ஊதுவது இந்த நெஷாமாவைத்தான், ரூவாக்கை அல்ல. அதற்காக இரண்டுக்கும் நடுவே சுவர் எழுப்பிவிடாதீர்கள். யோபு 33:4-லும் ஏசாயா 42:5-லும் இரண்டும் இணையாக வருகின்றன, ஆதியாகமம் 7:22-ல் ஒன்றோடொன்று ஒட்டியே வருகின்றன.

அப்புறம், வருகிற ரூவாக் எல்லாம் கடவுளுடையது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நீதிமொழிகள் 16:32-ல் அது மனிதன் அடக்கி ஆள வேண்டிய மனம். பிரசங்கியில் அது பல இடங்களில் வெறும் காற்று, பிடிக்கப் போனால் கைக்குச் சிக்காது. இவற்றைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு மேலே போங்கள்.

இப்போது யாத்திராகமம் 14-ஐயும் 15-ஐயும் அடுத்தடுத்து வாசியுங்கள். இஸ்ரவேலர் செங்கடலைக் கடக்கும் கட்டம் அது. 14:21-ல் உரைநடை: இரா முழுவதும் பலத்த கீழ்க்காற்று (கிழக்கிலிருந்து வரும் காற்று) வீசி கடலை ஒதுக்குகிறது, நிலம் காய்கிறது. திசை உண்டு, நேரம் உண்டு, ஒரு வானிலைக் குறிப்புபோல இருக்கிறது. 15:8-ல் அதே சம்பவம் பாட்டாக வருகிறது: உமது நாசியின் ரூவாக்கினால் தண்ணீர் குவிந்து நின்றது. கீழ்க்காற்று அப்படியே கடவுளின் மூச்சாகிவிட்டது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து அதிகாரத்தில் இருக்கின்றன, தொகுத்தவர்களுக்கு இதில் எந்த முரணும் படவில்லை. நாமாக உட்கார்ந்து "இது இயற்கையா, அற்புதமா" என்று பிரிப்பது நம்முடைய தலைவலி, அவர்களுடையது இல்லை.

தண்ணீரும் ரூவாக்கும் சேர்ந்து வரும் இடங்களை ஒரே பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஆதியாகமம் 1:2-ல் தண்ணீரின் மேல் ரூவாக் அசைவாடுகிறது (இதே வினையை உபாகமம் 32:11 தன் குஞ்சுகளின் மேல் அசையும் கழுகுக்குச் சொல்கிறது), பிறகு உலர்ந்த தரை தோன்றுகிறது. 8:1-ல் வெள்ளம் சூழ்ந்த பூமியின் மேல் ரூவாக் வீச, தண்ணீர் வடிகிறது. செங்கடலிலும் அதே வரிசைதான்.

திசையையும் விட்டுவிடாதீர்கள். அந்த நாட்டுக்கு மேற்கே கடல், கிழக்கே பாலைவனம். மழை மேற்கிலிருந்து வரும், கீழ்க்காற்று வந்தால் பயிர் கருகும். யோனாவின் தலையை வெயில் சுட்டபோது கூடவே வீசியதும் கீழ்க்காற்றுதான். ஓசியா 13:15 அந்த வனாந்தரக் காற்றையே கர்த்தருடைய ரூவாக் என்கிறது. ஆக, கடவுளின் மூச்சு என்றதும் இதமான தென்றலை மட்டும் நினைத்துக்கொண்டால் வேதத்தில் பாதி புரியாது.

ஒரே அதிகாரத்தில் எல்லாவற்றையும் பழக வேண்டும் என்றால் எண்ணாகமம் 11-ஐ எடுங்கள். ஜனங்கள் இறைச்சி கேட்டு அழுகிறார்கள், மோசே சுமை தாங்காமல் புலம்புகிறார். அவர்மேல் இருந்த ரூவாக்கில் கொஞ்சம் எடுத்து 70 மூப்பர்கள்மேல் வைக்கப்படுகிறது, அவர்கள் தீர்க்கதரிசனம் சொல்கிறார்கள். கூடாரத்துக்கு வராமல் பாளயத்திலேயே இருந்துவிட்ட எல்தாத், மேதாத் என்ற இருவர்மேலும் அது வந்துவிடுகிறது. யோசுவா தடுக்கச் சொல்கிறார், மோசேயோ ஜனங்கள் எல்லார்மேலும் கர்த்தர் தம்முடைய ரூவாக்கை வைத்தால் நலமாயிருக்குமே என்கிறார். அது 29-ம் வசனம். 31-ல் கர்த்தரிடமிருந்து ரூவாக் புறப்பட்டு, கடலிலிருந்து காடைகளை அடித்துக்கொண்டு வந்து இரண்டு முழ உயரத்துக்குப் பாளயத்தைச் சுற்றிப் போடுகிறது. இறைச்சி பல்லுக்கிடையில் இருக்கும்போதே வாதை. மோசேயின் சுமைக்கும் ஜனங்களின் பசிக்கும் ஒரே ரூவாக்தான் பதில். ஒரு பக்கம் வாயில் வார்த்தை, இன்னொரு பக்கம் வாயில் இறைச்சி. மொழிபெயர்ப்பில் 29 ஆவியாகவும் 31 காற்றாகவும் பிரிந்துவிடுவதால் இந்தக் கோர்வை கண்ணில் படாது. அதனால்தான் 7307 என்ற எண்ணை வைத்துத் தேடச் சொன்னேன்.

அடுத்து எசேக்கியேல் 37. முதல் 14 வசனங்களில் 10 தடவை. ரூவாக் தீர்க்கதரிசியைத் தூக்கிக்கொண்டு போகிறது, நான்கு திசைகளாகிறது, செத்தவர்களுக்கு மூச்சாகிறது, கடைசியில் "என் ரூவாக்" என்று முடிகிறது. பென்சிலால் ஒவ்வொன்றையும் வட்டமிட்டுக்கொண்டே போங்கள், 9-ம் வசனத்தில் மட்டும் நான்கு.

இத்தனையும் பார்த்தபின் அடிக்கிற காற்றிலெல்லாம் கடவுள் இருக்கிறார் என்று சொல்லத் தோன்றும். 1 இராஜாக்கள் 19:11 அதற்கு ஒரு கடிவாளம்: மலைகளைப் பிளக்கும் ரூவாக் வீசுகிறது, கர்த்தர் அதில் இல்லை.

கடினமானதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்: 1 சாமுவேல் 16. 13-ல் தாவீதின்மேல் கர்த்தருடைய ரூவாக் இறங்குகிறது, 14-ல் ராஜாவான சவுலை விட்டு அது நீங்கி, கர்த்தரிடமிருந்தே ஒரு பொல்லாத ரூவாக் வந்து அவரைக் கலங்கடிக்கிறது. பலர் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டாமல், "நீங்கியது" என்ற இடத்தில் நின்று சங்கீதம் 104:29, 30-ஐ எடுத்து வைத்துப் பாருங்கள். அங்கேயும் அவர் ரூவாக்கை வாங்கிக்கொண்டால் உயிர்கள் மாண்டு மண்ணுக்குத் திரும்புகின்றன, அனுப்பினால் உண்டாகின்றன. சவுலின் கதையை இந்த இரண்டு வசனங்களோடு சேர்த்து வாசித்தால், அந்தப் பொல்லாத ரூவாக்கைவிட, விட்டுப்போனதுதான் பெரிய விஷயமாகத் தெரியும்.