ஜிம் அலுத்துவிட்டதா? பெங்களூரில் பேட்மிண்டன் ஆடத் தொடங்குவது எப்படி

டிரெட்மில்லில் ஓடிக்கொண்டே எதிர்ச்சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பவர்கள் விளையாட்டுக்கு மாறிப் பார்க்கலாம். பெங்களூரின் திடீர் மழைக்குத் தோதானது உள்ளரங்க பேட்மிண்டன். 1980-இல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்ற பிரகாஷ் படுகோனின் ஊர் இது. கோர்ட் தேடி அதிகம் அலைய வேண்டாம்.

முதல் வேலை: ஆள் சேர்ப்பது

இரட்டையர் ஆட்டத்துக்கு நாலு பேர் போதும். ஆனால் ஆறு பேரைச் சேருங்கள். ஒருவருக்கு ஆபீஸ் கால், இன்னொருவருக்கு ஓசூரில் கல்யாணம் என்று வாரம் ஒருவராவது வரமாட்டார். கோர்ட் வாடகையை மாத ஆரம்பத்திலேயே தலைக்கு இவ்வளவு என்று வாங்கிவிடுங்கள். அன்றன்றைக்குப் பிரித்தால் வராதவர் பங்கு வந்தவர் தலையில் விழும். அதிலேயே பல குழுக்கள் கலைகின்றன.

இரண்டாவது: கோர்ட்

அல்சூரில் குடியிருந்துகொண்டு ஒயிட்ஃபீல்டில் கோர்ட் பிடிக்காதீர்கள். வண்டியில் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆனால் மூன்றாவது வாரமே சாக்கு வந்துவிடும். பணம் கட்டுமுன் தரையை ஓங்கி மிதித்துப் பாருங்கள். லேசாக அதிர்ந்து கொடுத்தால் தரை விரிப்புக்கு (மேட்) கீழே மரம் இருக்கும். கல்லை மிதித்த மாதிரி இருந்தால் சிமெண்ட் மேலேயே மேட் ஒட்டியிருப்பார்கள், முழங்கால் தாங்காது.

மூன்றாவது: ஷூ, அப்புறம்தான் ராக்கெட்

ஓடுவதற்கான ஷூவைப் போட்டுக்கொண்டு இறங்குவதுதான் பெரிய தப்பு. நேராக ஓடுவதற்காக அதன் குதி உயரமாக, மெத்தென்று இருக்கும். இங்கே பக்கவாட்டில் பாய்ந்து சட்டென்று நிற்க வேண்டும். உயரமான குதி ஒருபக்கம் சாய்ந்து கணுக்கால் பிசகும். அடி தட்டையான, தரையில் தடம் பதிக்காத (நான்-மார்க்கிங்) ஷூ வாங்குங்கள். அதைப் பையில் எடுத்துப்போய் கோர்ட்டில் மாட்டுங்கள். ரோட்டுத் தூசி ஒட்டினால் வழுக்கும்; வழுக்கினால் ஈரத்துணியால் அடியைத் துடையுங்கள்.

ராக்கெட்டில் 4யூ என்று போட்டிருக்கட்டும்: எடை 80 முதல் 84 கிராம். ராக்கெட் வலையின் நரம்பை இழுத்துக் கட்டும் இறுக்கம் 20–22 பவுண்டு போதும். தேர்ந்தவர்களைப் பார்த்து 28 கட்டினால், ஷட்டில் வலையின் நடுவில் படாத ஒவ்வொரு அடியும் முழங்கைக்குப் போகும்.

ஷட்டில் நைலான் போதும். அதன் கழுத்துப் பட்டை பச்சை என்றால் மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். காற்று அடர்த்தி குறைவு என்பதால், சென்னையில் கோட்டுக்குள் விழுந்த ஷட்டில் இங்கே வெளியே போகும். சிவப்பு வேண்டாம். சோதிக்க, நன்றாக ஆடத் தெரிந்த ஒருவரைப் பின்கோட்டிலிருந்து, கையைக் கீழிருந்து மேலே வீசி முழு பலத்தோடு அடிக்கச் சொல்லுங்கள். எதிர்ப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்னால் விழுந்தால் சரியான ஷட்டில்.

நான்காவது: முதல் நாள்

பத்து நிமிஷம் கயிறு தாண்டி, கெண்டைக்காலை நீட்டி உடம்பைச் சூடாக்குங்கள். குதிகால் தசைநார் பிய்வது பேட்மிண்டனில் புதிதல்ல. நாற்காலியிலிருந்து எழுந்து வந்து நேரே பாய்பவர்கள் ஜாக்கிரதை.

பிடி முக்கியம். தோசைத் திருப்பியைப் பிடிப்பதுபோல் ராக்கெட் முகத்தை எதிராளிக்குக் காட்டிப் பிடித்தால் மணிக்கட்டு திரும்பாது. ராக்கெட்டின் விளிம்பு தரையைப் பார்க்க, கைகுலுக்குவதுபோல் பிடியுங்கள். விரல்கள் தளர்வாகவே இருக்கட்டும். அடிக்கும் நொடியில் மட்டும் இறுக்குங்கள்.

அடுத்து இருபது சர்வீஸ். அடிபடும்போது ஷட்டில் முழுதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். பிறகு தலைக்கு மேல் வருவதைப் பின்கோட்டுக்குத் திருப்பி அடிக்கும் கிளியர். நேருக்கு நேர் நின்று அடித்தால் பாதி கோர்ட்டிலேயே விழும். பக்கவாட்டில் திரும்பி, ராக்கெட் இல்லாத கையை ஷட்டிலை நோக்கி நீட்டி, அது இறங்கும்வரை காத்திராமல் கை எட்டுகிற உச்சத்தில் அடியுங்கள்.

முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் இரண்டு நாள் இடைவெளி, ஒரு தடவைக்கு 45 நிமிஷம். தொடை, கெண்டைக்கால் வலிப்பது சகஜம். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலுக்கு மேலே சுருக்கென்றால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இரட்டையரில் முன்னால் நிற்பவர் என்ன ஆயிற்று என்று பின்னால் திரும்பிப் பார்க்கவே கூடாது. கூட்டாளி கீழ்நோக்கி ஓங்கி அடிக்கும் ஸ்மாஷ் நேரே கண்ணைத் தாக்கலாம்.