பாக்கிப் பணம் கேட்டு மெயில் எழுதுவது எப்படி? (73 நாள் காத்திருந்தவன் சொல்வது)

கோவையில் லேபிள், அட்டைப்பெட்டி டிசைன் செய்து கொடுப்பது என் பிழைப்பு. ஒரு கம்பெனிக்குச் செய்த வேலைக்கு 38,400 ரூபாய் 73 நாள் நின்றுபோனது. எப்போது கேட்டாலும் "ப்ராசஸ்ல இருக்கு சார்" என்ற பதில்தான். கடைசியில் பணத்தை வரவைத்தது என் சண்டை இல்லை, பில்லில் சேர்த்த ஒரே ஒரு எண். பில் போடவும் ஜிஎஸ்டி கட்டவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

படி 1: பில் புக் ஆகியிருக்கிறதா (கம்பெனிக் கணக்கில் ஏறியிருக்கிறதா) என்று கேளுங்கள்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். வேலை தந்தவர், டிசைனை ஓகே செய்தவர் எல்லாம் மார்க்கெட்டிங் மேனேஜர். பில்லையும் அவருக்கே வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன். அவர் அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பிவிட்டார். அங்கே பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர், கம்பெனி தரும் கொள்முதல் ஆணை) நம்பர் இல்லாத பில் சிஸ்டத்தில் ஏறாது. மேனேஜர் கணக்கில் அனுப்பியாச்சு, அக்கவுண்ட்ஸ் கணக்கில் அப்படி ஒரு பில்லே இல்லை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

61-வது நாள் நேரில் போனேன். அக்கவுண்ட்ஸில் இருந்த அக்கா திரையைப் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல பில்லே புக் ஆகலையே தம்பி" என்றார். அன்று சாயங்காலமே பி.ஓ. நம்பர் போட்டு மறுபடி அனுப்பினேன். 12 நாளில் பணம் வந்தது.

அதனால் "பணம் எப்போ வரும்?" என்று முதலில் கேட்காதீர்கள். "பில் புக் ஆயிடுச்சா?" என்று கேளுங்கள். அதற்கு மழுப்ப முடியாது. கம்பெனி பெயரையும் சரிபாருங்கள். வாசல் போர்டில் இருப்பது ஒன்று, ஜிஎஸ்டி பதிவில் இருப்பது வேறொன்று என்பது சகஜம்.

படி 2: யாருக்கு அனுப்புவது

மெயில் அக்கவுண்ட்ஸுக்கு, சிசி மேனேஜருக்கு. பழைய மெயில் சங்கிலியிலேயே பதிலாக அனுப்புங்கள். வாட்ஸ்அப் "மெயில் போட்டிருக்கேன், பாருங்க" என்று சொல்ல மட்டும்.

படி 3: மெயில்

என் பழைய மெயில், "தங்களைத் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும்" என்று ஆரம்பித்துப் பத்து வரி போகும். பில் நம்பர் அதில் எங்கேயும் இருக்காது! நம் பணத்தைக் கேட்க மன்னிப்பு எதற்கு? இப்போது அனுப்புவது இப்படி (நான் ஆங்கிலத்தில் அனுப்புவேன், விஷயம் இதுதான்):

தலைப்பு: பில் 114 / பி.ஓ. 2207 / ரூ.38,400 / கெடு ஜூன் 10

"வணக்கம் மேடம். ஏப்ரல் 26 அன்று ஒப்படைத்த லேபிள் வேலைக்கான பில் இது. பில், பி.ஓ. இரண்டையும் இணைத்திருக்கிறேன். புக் ஆகிவிட்டதா, எந்தத் தேதி பேமென்ட்டில் வரும் என்று சொல்லுங்கள். பணம் போட்டதும் யு.டி.ஆர். நம்பர் (வங்கிப் பரிமாற்ற எண்) அனுப்பினால் என் பக்கம் கணக்கை முடித்துவிடுவேன்."

"சீக்கிரம்" என்று எழுதவே எழுதாதீர்கள். தேதி எழுதுங்கள்.

படி 4: சட்டத்தை மெதுவாகக் காட்டுங்கள்

வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவு செய்துவிடுங்கள். ஆதார், பான் (ஜிஎஸ்டி இருந்தால் அந்த எண்ணும்) போதும், இலவசம். காசு கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை. 2006-ம் வருட எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள்தான் கெடு. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. அப்படியும் தராவிட்டால் இதற்கான அரசுத் தளத்தில் புகார் கொடுக்கலாம், ஆனால் அந்தப் பார்ட்டியிடம் அடுத்த ஆர்டரை எதிர்பார்க்காதீர்கள். நான் இதுவரை அங்கே போனதில்லை. பில்லின் அடியில் உத்யம் எண்ணையும் கெடு தேதியையும் ஒரே வரியில் போடுகிறேன், அவ்வளவுதான்.

வட்டியைவிட வருமான வரிதான் அவர்களுக்கு உறைக்கும். 2024 ஏப்ரல் 1 முதல், இந்தக் கெடு தாண்டியும் நிதியாண்டுக் கடைசியில் (மார்ச் 31) பாக்கி நின்றால், வாங்கியவர் அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது. பணம் கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம். மார்ச் இரண்டாம் வாரம் மெயில் போட்டுப் பாருங்கள், பதில் வரும் வேகமே வேறு.

எதில் கணக்கு வைப்பது? ஜோஹோ இன்வாய்ஸ் இலவசம், நினைவூட்டலும் தானாகவே அனுப்பும். எனக்கு என்னவோ கூகுள் ஷீட்தான் பிடிக்கிறது. தானாக வரும் மெயிலை அக்கவுண்ட்ஸில் யாரும் படிப்பதாகத் தெரியவில்லை.

பின்சேர்க்கை 1: மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், "எனக்கும் 45 நாள் உண்டா?" என்று கேட்டார். இல்லை. வாங்கி விற்பவர்களும் உத்யமில் பதியலாம், ஆனால் அது வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும். உற்பத்தி, சேவை செய்பவர்களுக்குத்தான் படி 4. முதல் மூன்று படிகள் எல்லோருக்கும் பொருந்தும்.

பின்சேர்க்கை 2: "பணம் குறைவாக வந்திருக்கிறது, திட்டி மெயில் போட்டுவிட்டேன்" என்றார் இன்னொருவர். போடும் முன் டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்தது சில மாதம் கழித்து வருமான வரித் தளத்தில் உள்ள வரி வரவுக் கணக்கில் (26ஏஎஸ் என்பார்கள்) உங்கள் பான் எண்ணில் தெரியும். அங்கே வரவில்லை என்றால் அதற்கு வேறொரு மெயில். அதிலும் முதல் வரியில் பில் நம்பர்.